‘இன்ட்ரூட்’ எங்கே வரும், எங்கே வராது?

ஜூன் 3, காலை (கேள்வி)

‘இன்ட்ரூட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை அன்றாடப் பேச்சில் எப்படிப் போடுவது? அகராதியில் ‘அழையாமல் நுழை, இடையூறு செய்’ என்று இருக்கிறது. அதை நம்பி ‘ஹி இன்ட்ரூடட் மீ வென் ஐ வாஸ் டாக்கிங்’ என்று எழுதினேன். தப்பு என்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் ‘டிஸ்டர்ப்’, ‘இன்டரப்ட்’, ‘இன்ட்ரூட்’ மூன்றும் ஒன்றுதான். எதைப் போட்டால் என்ன?

ஜூன் 3, மதியம்

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று இலக்கணம், மற்றது பொருள்.

இலக்கணத்தை முதலில் பார்த்துவிடுவோம். ‘இன்ட்ரூட்’ ஆளை நேரடியாகச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளாது. ‘இன்ட்ரூட் மீ’, ‘இன்ட்ரூட் ஹர்’ என்று ஆங்கிலத்தில் கிடையாது. நடுவில் ‘ஆன்’ வர வேண்டும்: ‘ஹி இன்ட்ரூடட் ஆன் அஸ்.’ எழுத்து நடையில் ‘அப்பான்’ வரும். நமக்கு இது ஏன் வழுக்குகிறது என்றால், ‘என்னைத் தொந்தரவு செய்தான்’ என்று தமிழில் ‘ஐ’ உருபு போட்டுப் பழகியிருக்கிறோம். அதே கையோடு ‘மீ’யைக் கொண்டுபோய் வினைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறோம். ‘டிஸ்டர்ப் மீ’, ‘இன்டரப்ட் மீ’ இரண்டும் அப்படி ஒட்டினாலும் சரியாக இருப்பதால் மூன்றாவதிலும் சந்தேகம் வருவதில்லை. ‘தொந்தரவு செய்’ என்பதை மறந்துவிட்டு, ‘எங்களுக்குள் புகுந்தான்’, ‘என் தனிமைக்குள் நுழைந்தான்’ என்று நினைத்துப் பாருங்கள். அப்போது உருபும் மாறும், ஆங்கிலத்தில் ‘ஆன்’ தேவை என்பதும் நினைவுக்கு வரும்.

இனி பொருள். நீங்கள் பேசும்போது ஒருவர் குறுக்கே பேசினால் அது ‘இன்டரப்ட்’. ‘ஹி இன்டரப்டட் மீ வென் ஐ வாஸ் டாக்கிங்’ என்றால் முடிந்தது. ‘இன்டரப்ட்’ வர வேண்டுமானால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: பேச்சு, வேலை, தூக்கம், மின்சாரம், ஒளிபரப்பு. அது நடுவில் அறுபட வேண்டும். ‘இன்ட்ரூட்’டுக்கு எதுவும் ஓட வேண்டியதில்லை, ஓர் எல்லை இருந்தால் போதும். இருவர் வாய் திறக்காமல் துக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போய் நிற்கிறீர்கள். அறுபட ஒன்றுமே இல்லை, ஆனாலும் ‘இன்ட்ரூட்’ செய்துவிட்டீர்கள்.

சொற்களின் பிறப்பும் இதையேதான் சொல்கிறது. ‘இன்டரப்ட்’டுக்குள் இருப்பது ‘ரும்பெரே’ என்ற லத்தீன் வினை, உடைப்பது என்று பொருள். ‘எரப்ட்’, ‘ரப்ச்சர்’, ‘பேங்க்ரப்ட்’ எல்லாம் அதே குடும்பம். ‘இன்ட்ரூட்’டுக்குள் இருப்பது ‘ட்ரூடெரே’, அதாவது நெட்டித் தள்ளுவது. வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ‘ப்ரொட்ரூட்’, அச்சுத் துளை வழியாகப் பிதுக்கினால் ‘எக்ஸ்ட்ரூட்’, உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் ‘இன்ட்ரூட்’.

ஜூன் 3, இரவு

மதியம் விட்டுப்போனது: ‘ஆன்’ எப்போது, ‘இன்டு’ எப்போது?

ஆள், நேரம், மனநிலை, பேச்சு ஆகியவற்றுக்கு ‘ஆன்’. ‘இன்ட்ரூட் ஆன் ஹர் க்ரீஃப்’, ‘இன்ட்ரூட் ஆன் யுவர் ஈவினிங்’, ‘இன்ட்ரூட் ஆன் எ ப்ரைவேட் கான்வர்சேஷன்’. உள்ளே போகக்கூடிய இடமாக, பரப்பாகப் பார்க்கப்படுவதற்கு ‘இன்டு’. ‘இன்ட்ரூட் இன்டு அவர் லைவ்ஸ்’, ‘இன்ட்ரூட் இன்டு தேர் ஏர்ஸ்பேஸ்’. ‘ப்ரைவசி’க்கு ‘ஆன்’ போடுவதே வழக்கம், ‘இன்டு’வும் படிக்கக் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ‘ஆன்’ போட்டுவிடுங்கள், பெரும்பாலும் தப்பாது. வெறும் ‘இன்’ மட்டும் வேண்டாம். ‘இன்ட்ரூட் இன் மை லைஃப்’ என்பது ‘வாழ்க்கையில் தலையிட்டான்’ என்பதன் அச்சு நகல்.

எதுவுமே ஒட்டாமல் தனியாகவும் வரும், பேச்சில் அதுதான் மிக அதிகம். ‘ஐ ஹோப் ஐம் நாட் இன்ட்ரூடிங்.’ ‘ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட்.’ ‘ஐ டிடின்ட் மீன் டு இன்ட்ரூட்.’ இந்த மூன்றையும் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டால் அன்றாடத் தேவையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஜூன் 4, காலை

அந்த மூன்றும் ஒரே நேரத்துக்கு உரியவை அல்ல.

‘ஐ ஹோப் ஐம் நாட் இன்ட்ரூடிங்’ என்பது வாசலில் நின்று சொல்வது. கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்த நொடிக்கானது. நுழைவது இன்னும் நடந்துகொண்டிருப்பதால் தொடர் நிகழ்காலம் வருகிறது. ‘ஐ ஹோப் ஐ டோன்ட் இன்ட்ரூட்’ என்று சாதாரண நிகழ்காலத்தில் சொன்னால் பழைய நாடக வசனம்போல ஒலிக்கும்.

‘ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட்’ என்பது பின்வாங்கும்போது சொல்வது. ‘நீங்களும் வந்து உட்காருங்களேன்’ என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அப்போது இது பொருந்தும். இதற்குப் பின்னால் ‘பட்’ போட்டுத் தொடர்ந்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும், ‘மன்னியுங்கள், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்’ என்றாகும்.

‘ஐ டிடின்ட் மீன் டு இன்ட்ரூட்’ என்பது நடந்து முடிந்த பிறகு வருவது. முகங்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, பின்னால் நகர்கிறீர்கள்.

ஜூன் 4, மாலை

‘ஐ ஹோப் ஐம் நாட் இன்ட்ரூடிங்’ என்று ஒருவர் நம்மிடம் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, பாடநூல்கள் இதைத் தொடுவதே இல்லை.

வரவேற்பதானால் ‘நாட் அட் ஆல், கம் இன்.’ அல்லது ‘நோ, நோ, வீ வேர் ஜஸ்ட் ஃபினிஷிங்.’ கவனிக்க வேண்டியது அந்த ‘நோ’. இடையூறு இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் ‘நோ’தான். நம்மவர்கள் பலர் எதிரில் இருப்பவர் சொன்னதை ஆமோதிப்பதாக நினைத்து ‘யெஸ், யூ ஆர் நாட்’ என்கிறார்கள். கேட்பவர் காதில் ‘யெஸ்’ விழுந்த மாத்திரத்தில் அவர் திரும்பி நடக்கத் தொடங்கியிருப்பார். வினை எதிர்மறையில் முடிந்தால் பதிலும் ‘நோ’வில்தான் தொடங்க வேண்டும்.

உண்மையிலேயே இடையூறுதான் என்றால் ‘யெஸ், யூ ஆர்’ என்று சொல்லக்கூடாது. அது கதவைச் சாத்துவதற்குச் சமம். ‘ஆக்சுவலி, குட் யூ கிவ் அஸ் ஃபைவ் மினிட்ஸ்?’ என்று நேரம் குறிப்பிட்டுத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். ‘வீ ஆர் இன் தி மிடில் ஆஃப் சம்திங்’ என்றும் சொல்லலாம், அது கொஞ்சம் கடினமானது. குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, காலை (இன்னொருவர்)

‘இன்ட்ரூட்’ செயப்படுபொருளை நேரடியாக எடுத்துக்கொள்ளாது என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. நிலவியலில் தினமும் எடுத்துக்கொள்கிறது. ‘தி கிரானைட் இன்ட்ரூடட் தி ஓல்டர் ராக்ஸ்’ என்றுதான் எழுதுவோம், ‘ஆன்’ கிடையாது. பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு பழைய பாறைகளின் விரிசல்களுக்குள் புகுந்து அங்கேயே மெதுவாகக் குளிர்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். மெதுவாகக் குளிர்வதால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும். கிரானைட் பலகையில் தெரியும் புள்ளி புள்ளியான மணிகள் அப்படி வந்தவைதான். அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு புகுந்தால் ‘டைக்’, அடுக்குகளுக்கு இடையே படுத்துக்கொண்டால் ‘சில்’. இவற்றைப் பொதுவாக ‘இன்ட்ரூஷன்’ என்கிறோம். செயப்பாட்டு வினையிலும் ‘தி ஷேல் வாஸ் இன்ட்ரூடட் பை எ டைக்’ என்று வரும்.

ஜூன் 5, மதியம்

இதைச் சேர்த்தே ஆக வேண்டும், சேர்த்த பிறகு விதி இன்னும் தெளிவாகிறது. ‘இன்ட்ரூட்’டுக்கு நேரடிச் செயப்படுபொருளாகப் பாறை வரும், மனிதர் வரமாட்டார். பழைய எழுத்து நடையில் இன்னொன்றும் உண்டு: ‘ஹி இன்ட்ரூடட் ஹிஸ் ஒப்பீனியன்ஸ் அப்பான் எவ்ரிஒன்.’ யாரும் கேட்காத கருத்தை எல்லோர் மீதும் திணித்தான். இங்கே செயப்படுபொருள் கருத்து, மனிதருக்கு முன்னால் ‘அப்பான்’ தப்பாமல் நிற்கிறது. பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை, படிக்கும்போது புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்.

நிலவியலைத் தாண்டியும் துறைச்சொல்லாக இது பரவியிருக்கிறது. கடலோர நிலத்தடி நீரில் உப்புநீர் ஏறுவது ‘சீவாட்டர் இன்ட்ரூஷன்’. கணினி வலையமைப்பில் அத்துமீறி நுழைபவரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ‘இன்ட்ரூஷன் டிடெக்‌ஷன்’. வேண்டாத எண்ணம் வேண்டாத நேரத்தில் தலைக்குள் வந்து நிற்பதை உளவியலில் ‘இன்ட்ரூசிவ் தாட்ஸ்’ என்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் தனிமைக்குள் அத்துமீறுவதற்கு ‘இன்ட்ரூஷன் அப்பான் செக்லூஷன்’ என்று பெயர். வில்லியம் ப்ராஸர் என்ற சட்ட அறிஞர் தனியுரிமை மீறல்களை நான்கு வகையாகப் பிரித்து 1960-இல் எழுதிய கட்டுரையில் இது முதல் வகை. வினை பெயராக மாறியும் ‘அப்பான்’ கூடவே வந்துவிட்டதைப் பாருங்கள்.

ஜூன் 5, இரவு

உச்சரிப்பு பற்றிச் சுருக்கமாக.

‘இன்ட்ரூட்’டில் அழுத்தம் இரண்டாம் அசையில், ‘ரூ’ நன்றாக நீள வேண்டும். இறந்தகாலத்தில் மூன்று அசை: இன்–ட்ரூ–டட். கடைசி அசையை விழுங்கிவிட்டால் நிகழ்காலமாகக் கேட்கும். ‘இன்டரப்ட்’ வினையாக வரும்போது அழுத்தம் கடைசி ‘ரப்ட்’டில். கணினிக்குள் ஒரு சாதனம் செயலியைக் கூப்பிடும் ‘இன்டரப்ட்’ பெயர்ச்சொல், அதற்கு அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிடும். எழுதும்போது ‘ஆர்’ எழுத்து இரண்டு வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘இன்டர்’ என்பதில் ஒன்று முடிகிறது, ‘ரப்ட்’டில் இன்னொன்று தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

‘இன்ட்ரூஷன்’ என்று நாம் எழுதும் ‘ஷ’ உண்மையில் ‘ஷ’ அல்ல. ‘டெலிவிஷன்’, ‘மெஷர்’ சொற்களில் நடுவே வரும் அதிரும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘ஷ்ஷ்ஷ்’ என்று நீட்டுங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் அப்படியே குரலை மட்டும் சேர்த்தால் விரலுக்கு அடியில் அதிரத் தொடங்கும். அந்த ஒலிதான் வேண்டியது. ‘இன்ட்ரூசிவ்’ சொல்லில் மட்டும் அதிர்வே இல்லாத ‘ஸ்’ ஒலி.

ஒலியியலிலும் இந்தச் சொல் உண்டு. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதை ‘லார் அண்ட் ஆர்டர்’ என்பார்கள். எழுத்தில் இல்லாத ஒரு ‘ர்’ இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் ‘இன்ட்ரூசிவ் ஆர்’. கூப்பிடாமல் வந்த ‘ர்’!

ஜூன் 7, காலை

‘டிஸ்டர்ப்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் மிக அதிகமாகப் புழங்குவது அதைத்தான்.

‘டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?’ என்பது தமிழில் மிக லேசான சொல், ‘கொஞ்சம் தொந்தரவு’ என்ற அளவுதான். ஆங்கிலத்துக்குள் அதை அப்படியே கொண்டுபோனால் எடை கூடிவிடுகிறது. ‘ஆம் ஐ டிஸ்டர்பிங் யூ?’ இலக்கணப்படி சரி, ஆனால் தொலைபேசியில் முதல் வரியாகச் சொன்னால் கனமாக விழும். அதற்குப் பதில் ‘இஸ் திஸ் எ குட் டைம்?’ அல்லது ‘ஹேவ் ஐ காட் யூ அட் எ பேட் டைம்?’ இரண்டுமே இயல்பானவை. பின்னதில் ‘காட்’ என்பது பிடித்துவிட்டேனா என்ற பொருளில் வரும் ‘காட்’.

பெரிய ஆபத்து செயப்பாட்டு வினையில். ‘ஐ வாஸ் டிஸ்டர்ப்ட் பை மை கலீக்’ என்று எழுதினால், சக ஊழியர் வேலையைக் கெடுத்தார் என்று பொருளாகாது. அவர் செய்த ஏதோ ஒன்று என் மனத்தைக் கலக்கிவிட்டது என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். ‘ஹி இஸ் டிஸ்டர்ப்ட்’ என்றால் மனநிலை சரியில்லை. ‘டிஸ்டர்பிங்’ என்ற பெயரடையும் அப்படித்தான்: ‘எ டிஸ்டர்பிங் வீடியோ’ என்றால் பார்க்கவே பதைக்கும் காணொளி. வேலை தடைப்பட்டது என்று சொல்ல ‘மை கலீக் கெப்ட் இன்டரப்டிங் மீ’ போதும்.

‘டிஸ்டர்ப்’ தயக்கமில்லாமல் வரும் இடங்கள்: தூக்கம், அமைதி, அசைக்கக்கூடாமல் வைத்திருக்கும் பொருள். ‘டோன்ட் டிஸ்டர்ப் தி பேப்பர்ஸ் ஆன் மை டெஸ்க்’ என்றால் மேசைத் தாள்களின் வரிசையைக் கலைக்காதே என்பது. குளத்து நீரைக் கலக்குவதும், தடயம் இருக்கும் இடத்தைத் தொட்டுக் கெடுப்பதும் இதே வினைதான்.

ஜூன் 7, மாலை

‘இன்டர்ஃபியர்’ எங்கே என்று கேட்டவருக்கு: தலையிடுவது. விவகாரத்தில் தலையிட்டால் ‘இன்’, நடக்கிற வேலைக்குக் குறுக்கே நின்றால் ‘வித்’. ‘டோன்ட் இன்டர்ஃபியர் இன் தேர் குவாரல்.’ ‘தி நாய்ஸ் இன்டர்ஃபியர்ஸ் வித் மை வொர்க்.’ இதிலும் ‘இன்டர்ஃபியர் மீ’ கிடையாது. ஆங்கிலத்தில் இந்த வினை முதலில் குதிரைக்குத்தான் சொல்லப்பட்டது. நடக்கும்போது ஒரு காலின் குளம்பு இன்னொரு காலில் இடித்துக்கொள்வதுதான் ‘இன்டர்ஃபியர்’.

ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் செய்திகளில் ‘இன்டர்ஃபியர்ட் வித்’ என்பதற்குப் பின்னால் குழந்தையோ பெண்ணோ வந்தால் அது பாலியல் அத்துமீறலைக் குறிக்கும் இடக்கரடக்கல். ஆகவே ஆளைச் செயப்படுபொருளாக வைத்து ‘ஹி இன்டர்ஃபியர்ட் வித் ஹர்’ என்று எழுதாதீர்கள். ‘இன்டர்ஃபியர்ட் வித் ஹர் வொர்க்’ என்று வேலையைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஜூன் 8

இங்கே இதுவரை யாரும் கேட்காத சொல் ‘இம்போஸ்’. ‘இன்ட்ரூட்’டோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒருவர் ‘இரவு இங்கேயே தங்கிவிடுங்கள்’ என்கிறார். படுக்கை விரிக்க வேண்டும், சாப்பாடு கூடுதலாக ஆக்க வேண்டும். அந்தச் சிரமத்தை நினைத்துத் தயங்கினால் ‘ஐ டோன்ட் வான்ட் டு இம்போஸ்.’ அதே வீட்டில் அண்ணன் தம்பி ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாம் இருந்தால் சரியாக இருக்காது என்று தயங்கினால் ‘ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட்.’ முன்னது அவர்கள் உழைப்பைக் கேட்பது, பின்னது அவர்கள் தனிமையைக் கெடுப்பது. இதற்கும் ‘ஆன்’தான்: ‘ஐ கான்ட் இம்போஸ் ஆன் யூ லைக் தட்.’

‘பாதர்’ இவை எல்லாவற்றிலும் லேசானது. வழி கேட்க, பேனா கேட்க, ஒரு கோப்பை மறுபடி அனுப்பச் சொல்ல ‘சாரி டு பாதர் யூ’ போதும், அங்கே ‘இன்ட்ரூட்’ வேண்டாம். ஆனால் ‘டோன்ட் பாதர்’ என்பதில் கவனம் தேவை. ‘ப்ளீஸ் டோன்ட் பாதர், ஐ கேன் மேனேஜ்’ என்று நீட்டிச் சொன்னால் ‘சிரமப்படாதீர்கள்’. ‘டோன்ட் பாதர்’ என்று வெட்டிவிட்டால் ‘ஒன்றும் கிழிக்க வேண்டாம்’ என்பதுபோல் ஆகிவிடும். ‘இஸ் ஹி பாதரிங் யூ?’ என்று ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டால், அந்த ஆள் தொல்லை தருகிறானா, உதவி வேண்டுமா என்று கேட்கிறார்.

ஜூன் 9, காலை

‘சாரி டு இன்டரப்ட்’, ‘சாரி ஃபார் இன்டரப்டிங்’: எது சரி? இரண்டும் சரி, நேரம்தான் வேறு. குறுக்கிடும் அந்தக் கணத்தில் ‘சாரி டு இன்டரப்ட்’. குறுக்கிட்டு முடித்த பிறகு, போகும்போதோ மறுநாளோ ‘சாரி ஃபார் இன்டரப்டிங் யூ.’ ‘சாரி டு இன்ட்ரூட்’டுக்கும் இதே கணக்கு. வாசலில் நின்றுகொண்டு ‘சாரி ஃபார் இன்ட்ரூடிங்’ என்றால் புரியாமல் போகாது, ஏற்கெனவே நடந்த எதற்கோ மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

மின்னஞ்சலுக்கு ஒன்று. கடிதம் யாருடைய அறைக்குள்ளும் நுழைவதில்லை, அவர் திறக்கும்போதுதான் படிக்கிறார். அதனால் ‘சாரி டு இன்ட்ரூட்’ என்று மின்னஞ்சலைத் தொடங்குவது பொருந்தாது. ‘சாரி ஃபார் தி டிஸ்டர்பன்ஸ்’ இன்னும் மோசம், ‘டிஸ்டர்பன்ஸ்’ என்றால் தெருவில் கைகலப்பு என்ற அளவுக்குப் போகும். ‘வென் யூ ஹேவ் எ மினிட்’ என்று தொடங்கிக் காரியத்துக்கு வந்துவிடலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: துக்கத்தில் இருப்பவருக்கு அவசர வேலையாக எழுத நேர்ந்தால் ‘ஐம் சாரி டு இன்ட்ரூட் அட் எ டைம் லைக் திஸ்’ மிகச் சரியான வரி. எல்லை காலத்தில் இருக்கிறது.

ஜூன் 9, மாலை

கூட்டங்களில் குறுக்கே பேச வேண்டியிருக்கும். அதற்கு ‘இன்ட்ரூட்’ வராது, ‘இன்டரப்ட்’டும் கொஞ்சம் முரடு. புழங்குகிற வரிகள்: ‘சாரி, கேன் ஐ ஜஸ்ட் கம் இன் ஹியர்?’, ‘இஃப் ஐ குட் ஜஸ்ட் ஜம்ப் இன்’. இரண்டிலும் அந்தக் குட்டி ‘ஜஸ்ட்’ முக்கியம், அதுதான் முரட்டுத்தனத்தை எடுத்துவிடுகிறது. பேசுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவர் தலையாட்டும் வரை நிற்க வேண்டும். இணையவழிக் கூட்டத்தில் ஒலி ஒரு கணம் தாமதித்து வருவதால் இருவர் ஒரே நேரத்தில் தொடங்கிவிடுவார்கள். அப்போது ‘சாரி, கோ அஹெட்’ என்று உடனே விட்டுக்கொடுப்பது வழக்கம். தெரியாமல் வெட்டிவிட்டால் ‘ஐ டிடின்ட் மீன் டு கட் யூ ஆஃப். யூ வேர் சேயிங்?’

நம் பேச்சை மற்றவர் வெட்டினால் ‘டோன்ட் இன்டரப்ட் மீ’ என்று சொல்லாதீர்கள், அது சண்டைக்கு அழைப்பு. ‘லெட் மீ ஜஸ்ட் ஃபினிஷ் திஸ் பாயின்ட்’ போதும்.

ஜூன் 10

‘இன்’ சேர்ந்த கூட்டு வினைகளைக் கேட்டிருந்தார்கள். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘பார்ஜ் இன்’: தட்டாமல் தடாலென்று நுழைவது. ‘ஹி பார்ஜ்ட் இன் ஆன் அவர் மீட்டிங்.’ ‘பட் இன்’: மூக்கை நுழைப்பது, பேச்சில் மட்டும். எழுதும்போது ‘டி’ இரண்டு, ஒன்று போட்டால் ‘ஆனால்’ ஆகிவிடும். ‘சைம் இன்’, ‘சிப் இன்’ இரண்டிலும் வெறுப்பு இல்லை, பேச்சில் சேர்ந்துகொள்வதுதான். ‘சிப் இன்’ பணம் போடுவதற்கும் வரும்.

‘வாக் இன் ஆன்’ என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ஐ வாக்ட் இன் ஆன் மை மேனேஜர்’ என்று வெறுமனே சொன்னால், மேலாளரைப் பார்க்கக்கூடாத நிலையில் பார்த்துவிட்டேன் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அவர் அறைக்குப் போனேன் என்பது மட்டுமே செய்தி என்றால் ‘ஐ வென்ட் இன் டு சீ மை மேனேஜர்’ என்று சொல்லுங்கள்.

‘இன்ட்ரூடர்’ என்ற பெயர்ச்சொல்லும் ஆபத்தானது. வினையில் இருக்கும் மென்மை இதில் இல்லை. ‘இன்ட்ரூட்’ செய்தவர் நல்லவராக இருக்கலாம், ‘இன்ட்ரூடர்’ என்றால் பூட்டை உடைத்து வந்தவன். அழையாமல் வந்த விருந்தாளியை அப்படிச் சொல்லக்கூடாது.

ஜூன் 11, காலை

எழுவாயாக மனிதர்தான் வர வேண்டும் என்பதில்லை. ‘வொர்க் இன்ட்ரூட்ஸ் ஆன் மை வீக்எண்ட்ஸ்’, ‘எ ஸ்மெல் ஆஃப் பெயின்ட் இன்ட்ரூடட்’, ‘ரியாலிட்டி இன்ட்ரூடட்’. நல்ல எழுத்தில் இப்படி வருவதே அதிகம். ‘வேலை ஞாயிற்றுக்கிழமையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது’ என்று தமிழில் சொல்வோமே, அந்த ஓசை இதில் இருக்கிறது. இங்கே ‘இன்டரப்ட்’ போட்டால் ஒரு முறை நடந்த தடங்கல் என்றாகிவிடும். ‘இன்ட்ரூட்’ போட்டால்தான் வேலை தன் இடத்தை மீறி வருகிறது என்ற மனக்குறை கேட்கும்.

ஜூன் 11, இரவு (கேள்வி கேட்டவர்)

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஐந்து வாக்கியம் எழுதியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள்.

‘சாரி டு இன்ட்ரூட், தேர் இஸ் எ கால் ஃபார் யூ.’
‘மை ஃபோன் இன்ட்ரூடட் தி மீட்டிங்.’
‘ஹர் க்ரீஃப் ஷுட் நாட் பி இன்ட்ரூடட்.’
‘ஹி ஆல்வேஸ் இன்ட்ரூட்ஸ் இன் மை மேட்டர்ஸ்.’
‘ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட், ஸோ ஐ வில் வெயிட் அவுட்சைட்.’

ஜூன் 12

முதலாவது சரி. உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொண்டிருந்தால் ‘இன்டரப்ட்’டும் சரி. மூடிய கதவைத் தட்டிச் சொல்வதானால் நீங்கள் போட்டதுதான் பொருத்தம்.

இரண்டாவதில் ‘ஆன்’ சேர்த்தால் இலக்கணம் நிமிரும். ஆனால் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, மணி அடித்து அதை நிறுத்திவிட்டது. ‘மை ஃபோன் இன்டரப்டட் தி மீட்டிங்’ என்பதே வேண்டியது.

மூன்றாவதில் வாக்கியம் ஒற்றைக் காலில் நிற்கிறது. செயப்பாட்டு வினையானாலும் ‘அப்பான்’ கூடவே வர வேண்டும்: ‘ஹர் க்ரீஃப் ஷுட் நாட் பி இன்ட்ரூடட் அப்பான்.’ முற்றுப்புள்ளிக்கு முன்னால் ‘அப்பான்’ தனியாக நிற்பது நம் கண்ணுக்கு உறுத்தும், ஆங்கிலத்துக்கு உறுத்தாது. உறுத்தல் தாங்கவில்லை என்றால் ‘நோபடி ஷுட் இன்ட்ரூட் ஆன் ஹர் க்ரீஃப்’ என்று திருப்பிப் போடுங்கள், அது இன்னும் நன்றாகவே இருக்கிறது.

நான்காவது ‘இன்டர்ஃபியர்ஸ் இன்’. ‘என் விஷயத்தில்’ என்பதற்கு ‘மை மேட்டர்ஸ்’ போடுவது நம் பழக்கம். ‘மை அஃபேர்ஸ்’ என்றோ, கோபம் தெரிய வேண்டுமென்றால் ‘ஹி ஆல்வேஸ் ஸ்டிக்ஸ் ஹிஸ் நோஸ் இன்டு மை பிசினஸ்’ என்றோ எழுதலாம். மூக்கை நுழைப்பது இரண்டு மொழிக்கும் பொதுதான்.

ஐந்தாவதில் திருத்த ஒன்றுமில்லை. பேசும்போது ‘ஐ வில்’ என்பதை ‘ஐல்’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.